காலி முனை

வண்டிகள் நின்றுகொண்டிருந்தன, நான் நடந்துகொண்டிருந்தேன். வலது பக்கம் டிரைலர் வரிசை, அதற்கு அப்பால் மீனவர் குப்பத்துக் கூரைகள், அதற்கும் அப்பால் கடல். வண்டிகளின் முகமெல்லாம் துறைமுகத்தைப் பார்த்துத் தெற்கே இருந்தது. என் முகம் எண்ணூரைப் பார்த்து வடக்கே. தோளில் துணிப்பை, கக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி.

"இன்னாபா, கேட்டு தொறந்து கீதா?" என்று ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஒரு தலை கேட்டது. அந்தச் சாலையில் எதிரே நடந்து வருகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது நிற்கிறவர்களின் நம்பிக்கை.

"மூடிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

பெட்டிக்குள் இருந்தது அவருடைய ஆட்டம். பெட்டியைக் கண்டெடுத்தது நான்தான். ஆனாலும் ஆட்டம் அவருடையது.

அவரை எல்லோரும் அண்ணாத்தே என்று கூப்பிட்டார்கள். வண்டிக் கதவில் ஒரு பெயர் எழுதியிருந்தது. அது முதலாளி மகளுடைய பெயர். அண்ணாத்தே ஐம்பதைத் தாண்டிய ஆள். ஒல்லி, ஆனால் கழுத்து மட்டும் தடித்திருக்கும். அவர் ஓட்டிய டிரைலரில் நான் கிளீனராக ஏறினேன். அதற்கு முன்பு ஐஸ் கம்பெனி, உப்பளம், ஈயப் பட்டறை என்று பார்த்திருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றது; அதன்பின் எந்த இடத்திலும் ஒரு மழைக்கு மேல் தங்கியதில்லை. பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவேன். அது எனக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. அவரிடம்தான் எழுந்து போவது எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரிந்தது.

வெளிநாட்டிலிருந்து பழைய காகிதம் ஏற்றி வரும் கன்டெய்னரை இறக்கிய பிறகு உள்ளே கூட்டிப் பெருக்குவது கிளீனர் வேலை. காகிதக் கட்டுகளிலிருந்து உதிர்ந்தது கிளீனருக்கு. பெரும்பாலும் படம் போட்ட புத்தகம் கிடைக்கும். ஒருமுறை இந்தப் பெட்டி கிடைத்தது. மூலை நசுங்கியிருந்தது. உள்ளே ஆறு பக்கம் வெட்டிய அட்டைத் துண்டுகள், மரத்தில் செய்த குட்டி வீடுகள், குச்சிகள், சீட்டுகள், இரண்டு தாயக்கட்டைகள், மெலிசாக ஒரு விதிப் புத்தகம். அதில் இங்கிலீஷ்கூட இல்லை, வேறு ஏதோ பாஷை. நான் பெட்டியை டீக்கடைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றிருந்தேன். அவர் வாங்கிப் புத்தகத்தைப் பிரித்தார்.

அந்த முறை வரிசை இரண்டு பகல் நகரவில்லை. இரண்டு பகலும் அவர் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து தெரியாத புத்தகத்தை ஒரு மனிதர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார். அடுத்தடுத்த முனைகளில் இரண்டு வீடு. மேலே சிவப்பில் பெருக்கல் குறி. பக்கத்தில் இன்னொரு படம். அதில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முனை காலி. பெருக்கல் குறி இல்லை.

"புரிதா?"

"இல்ல."

"ஒரு வூட்டுக்கும் இன்னொரு வூட்டுக்கும் நடுவுல ஒரு முனை சொம்மா கெடக்கணும். எவன் வூடா இருந்தாலும் சரி. அவ்ளோதான் ஆட்டம். மத்ததெல்லாம் சில்லறை."

மற்றதும் இருந்தது. அட்டைத் துண்டுகளைத் தேன்கூடு போல அடுக்கினால் அதுதான் ஊர். ஒரு துண்டு காடு, ஒன்று செங்கல் சூளை, ஒன்று வயல். தாயக்கட்டை விழுகிறபடி மரமோ செங்கல்லோ நெல்லோ கைக்கு வரும். அதைக் கொடுத்து ஓரங்களில் ரோடு போட வேண்டும், துண்டுகள் கூடும் முனைகளில் வீடு கட்ட வேண்டும். அதிகம் கட்டினவன் ஜெயித்தான். எனக்கு வந்த நிறத்தில் பாதி வீடு காணோம். லாரி நட்டு என் வீடாயிற்று, தீக்குச்சி என் ரோடு.

டிரைலருக்கு அடியில் நிழலில் கோணி விரித்து ஆடுவோம். மூன்றாவது ஆள் புழல்காரர். எங்களுக்குப் பின்னால் நிற்கிற வண்டி அவருடையது. இரண்டு வண்டியும் கிளம்புவது ஒரே யார்டிலிருந்து என்பதால் முக்கால்வாசி நாள் பின்னாலேயே நிற்பார்.

"புழல்னா ஜெயிலா, ஏரியா?" என்று முதல் நாள் நான் கேட்டேன்.

"ஏரிதான் நைனா. அங்கத்த தண்ணி ஜல்தியா ஊருக்குள்ள வந்துடுது. நான்தான் இங்க நின்னுகினு கீறேன்."

அண்ணாத்தே ஆடுவதைப் பார்த்தால் ஜெயிக்க ஆடுகிறவராகத் தெரியாது. அவர் ஒரு வீடு வைத்தால் சுற்றி மூன்று முனை செத்துப்போகும். அங்கே யாரும் கட்ட முடியாது. நான் தீக்குச்சி தீக்குச்சியாக ரோடு போட்டுக்கொண்டு போவேன். சரியாக நடு முனையில் தன் சிவப்பு வீட்டை வைப்பார். அவர் வீட்டைத் தாண்டி என் ரோடு போகக் கூடாது. அதுவும் புத்தகத்தில் படமாக இருந்தது. காசில்லாமல், கோபமில்லாமல், ஒரு குட்டி மரவீட்டால் ஒருவனை மூச்சு முட்ட வைக்க முடியும் என்பதை நான் அங்கேதான் அனுபவித்தேன்.

"அந்த முனை காலியாத்தானே கீது அண்ணாத்தே. ஒண்ணு வச்சுக்கிறேனே" என்பேன்.

"காலியா கீதுன்னா இன்னா அர்த்தம்? காலியாவே இருக்கணும்னு அர்த்தம்."

"மனைய வாங்காமலே மூணு மனைய வளைச்சுட்டான்யா!" என்று புழல்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "இவன ரியல் எஸ்டேட்டுல வுட்டா செங்குன்றம் வரைக்கும் பொட்டலாவே கெடக்கும். ஒரு பய குடி வர முடியாது."

அடைபட்டுப் போனால் எனக்கு ஆட்டத்தில் வேலை இல்லை. ரோடு போட வழியில்லை, கட்ட முனையில்லை. எழுந்துவிடுவேன். அப்போதுதான் அவர் குரல் மாறும்.

"குந்து."

"நான்தான் காலியாச்சே."

"உன் வூடு அங்க நிக்கிது இல்ல? நீ எயுந்து பூட்டாலும் அது நிக்கும். அதுக்குப் பக்கத்துல நாங்க கட்ட முடியாது, சுத்திகினு போவணும். ஆளே இல்லாத வூட்டுக்கு நாங்க எதுக்கு சுத்தணும்? குந்து நைனா. வூடு வச்சவன் குந்திகினு இருக்கணும்."

இது எந்தப் படத்திலும் இல்லை. அவரே போட்ட விதி. நான் உட்கார்ந்திருப்பேன். தாயக்கட்டை உருட்டுவேன், நெல் வரும், மரம் வரும், வைக்க இடமிருக்காது. மேலே டிரைலரின் அடிப்பாகம். இரண்டு பக்கமும் சக்கரம். முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய மட்டும் வண்டி.

சாப்பிடுகிற இடத்திலும் அவர் அப்படித்தான். டோல்கேட் பக்கம் ஒரு மெஸ்ஸில் பெஞ்சியில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அவர் தனக்கும் அடுத்தவருக்கும் நடுவில் தன் துண்டை மடித்து வைப்பார். யாராவது துண்டின் மேல் உட்கார வந்தால் நிமிர்ந்து பார்ப்பார். வந்தவர் அடுத்த பெஞ்சிக்குப் போய்விடுவார். அந்த மெஸ்காரம்மா, "ஒரு சாப்பாட்டுக்கு ரெண்டு எடமா? துண்டுக்கும் சோறு போடட்டா அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அவர் யோசித்துவிட்டு, "வேணாம், அது விரதம்" என்றார். அவர் சொல்லி நான் சிரித்தது அது ஒன்றுதான்.

அவரை எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருந்த சமயத்தில் இன்னொன்று நடந்தது. ஒருநாள் காலை, பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு டிரைலர் வந்து வரிசைக்குள் நுழையப் பார்த்தது. எங்களுக்கு முன்னால் கொஞ்சம் இடமிருந்தது. அந்த ஓட்டுநருக்கு என் வயதிருக்கும். இறங்கி வந்து எங்கள் கதவைப் பிடித்துக்கொண்டான். பெண்சாதி ஆஸ்பத்திரியில் ஒண்டியாகக் கிடக்கிறாள், லோடு இறக்கிவிட்டால் ஓடிவிடுவேன் என்றான். சொல்லும்போதே அழுதான்.

"இங்க முனை இல்ல. கடைசிக்குப் போ" என்றார் அண்ணாத்தே.

"அண்ணே, ஒரு வண்டி. ஒரே ஒரு வண்டி."

"உனுக்குப் பின்னால எவ்ளோ பேர் கீறான் பாரு. அவன் வூட்லயும் ஆஸ்பத்திரி இருக்கும்."

அவன் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வண்டியைத் திருப்பினான். "அவன் தெனம் ஒர்த்தன்கிட்ட இதே அழுவ அழுவறான். நீ இன்னாத்துக்கு மெர்சலாவுற?" என்று புழல்காரர் என்னிடம் சொன்னார். உண்மையாக இருக்கலாம். என் மனசை ஆற்றுவதற்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். அன்றைக்கு ஆட்டத்தில் நான் யாரோடும் மரமோ நெல்லோ மாற்றிக்கொள்ளவில்லை. அண்ணாத்தே அதைக் கவனித்தார்.

அவர் ஆட்களை உள்ளே விடாத அதே கண்டிப்போடு சந்துகளை அடைக்காமலும் இருந்தார். அந்தக் கரையோரம் நெடுகக் குப்பங்கள். ஒவ்வொரு குப்பத்திலிருந்தும் ஒரு சந்து சாலையில் வந்து முட்டும். மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்த வாயில் வழியாகத்தான் வர வேண்டும். வரிசை நின்றுவிட்டால் சந்து வாய் அடைபட்டுவிடும். மற்ற ஓட்டுநர்கள் முன்வண்டியின் முதுகில் மூக்கு உரச நிறுத்துவார்கள். இடைவெளி விட்டால் எவனாவது வலது பக்கமாக வந்து புகுந்துவிடுவான் என்ற பயம். அவர் மட்டும் சந்து வாய் வந்தால் அதற்கு இந்தப் பக்கமே நிறுத்தி, வண்டியின் தலையை வலது பக்கம் கொஞ்சம் சாய்த்துப் போடுவார். முன்வண்டி எவ்வளவு நகர்ந்தாலும், சந்தைத் தாண்டி ஒரு முழு வண்டி நிற்க இடம் வரும்வரை நகரமாட்டார்.

"ஆட்டோ பூரணும். லாரி பூரக்கூடாது." அதுதான் அளவு. அந்த அளவுக்கு வண்டியைச் சாய்த்து நிறுத்துவது சாதாரண விஷயமில்லை. பின்னாலிருந்து ஹாரன் காதைக் கிழிக்கும். அம்மா அக்கா எல்லாம் வசவில் வருவார்கள். அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பீடியைப் பற்றவைப்பார்.

"அவங்களுக்காகவா நிறுத்துற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எவங்களுக்காக?"

"குப்பத்துக்காரங்களுக்காக."

"எனுக்கு அங்க யாரையும் தெரியாது" என்றார்.

இப்படி நின்று நின்று இரண்டு லோடு கப்பலைத் தவறவிட்டது. துறைமுகத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு நேரம் உண்டு. அதற்குள் கேட்டுக்குள் போகாத கன்டெய்னர் பெட்டி அடுத்த கப்பலுக்குத்தான். இரண்டாவது முறை முதலாளி யார்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு பொட்டி நின்னுச்சு, சாவிய வச்சுட்டுப் போய்க்கினே இரு." ஐம்பது தாண்டியவருக்கு, அதுவும் நேரத்துக்குப் போகாதவன் என்று பெயர் வாங்கியவருக்கு, அந்தப் பக்கத்தில் வேறு யாரும் வண்டி கொடுக்கமாட்டார்கள். அவருக்கும் தெரியும். "வேற இன்னா தெரியும் எனுக்கு? நாப்பது அடி வண்டிய நேரா நிறுத்தத் தெரியும்" என்றார். சாய்த்து நிறுத்துவதைச் சொல்லவில்லை.

மூன்றாவது பெட்டி, ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த செருப்பு. காசிமேட்டுக்கு முந்தைய குப்பம்வரை வந்துவிட்டோம். மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் கப்பலுக்குக் கேட்டு மூடும். புழல்காரரின் பெட்டியும் அதே கப்பலுக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது. எங்களுக்கு முன்னால் சந்து வாய். வழக்கம்போலச் சாய்த்து நிறுத்தியிருந்தார்.

"மாமு, இன்னிக்காச்சும் ஒட்டிப் போடுய்யா" என்று புழல்காரர் வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றார். "உனுக்கு சாவி போவும். எனுக்கும் சேத்து வேட்டு வைக்காத. சந்துல எவன் வரான் சொல்லு? காலைலேர்ந்து ஒரு காக்கா வந்துச்சா?"

உண்மைதான். அன்றைக்கு அந்த இடைவெளி வழியாக யாரும் வரவில்லை. நான்கூட எட்டிப் பார்த்தேன். சந்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

"வயி அடைஞ்சா அப்பால எவனும் வர மாட்டான். தொறந்து கீது, வரல. ரெண்டும் ஒண்ணா?" என்றார் அண்ணாத்தே.

புழல்காரர் துப்பிவிட்டுத் தன் வண்டிக்குப் போனார்.

கேட்டில் ஏதோ அடைப்பு எடுத்துவிட்டது போல. முன்னால் வரிசையாக எஞ்சின்கள் உறுமின. முன்வண்டி கிளம்பியது, சந்தைத் தாண்டி ஒரு வண்டி நிற்க இடம் வந்தது, இரண்டு வண்டிக்கு வந்தது. அண்ணாத்தே கியரைப் போட்டார். நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ஒரு கூடை தெரிந்தது. எங்கள் டிரைலருக்கு அடியில், நடுச் சக்கரங்களுக்கு முன்னால்.

"நிறுத்து, நிறுத்து! ஆளு!"

அவர் எஞ்சினையே அணைத்துவிட்டுக் கீழே குதித்தார். ஒரு மீன்காரம்மா. கூடையை முதலில் தள்ளிவிட்டு, குனிந்து, கையை ஊன்றி, வண்டிக்கு அடியில் வந்துகொண்டிருந்தாள். திறந்து கிடந்த சந்து வாய் அவளுக்குப் பத்தடியில் இருந்தது. புடவை ஏதோ கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் படுத்து உள்ளே கையை விட்டு அதை எடுத்தார்.

"பொம்பளையா நீ? அவ்ளோ பெரிய வயி வுட்டுக்கீறேன், கண்ணு தெரில?"

"யோவ், கத்தாத. எதுய்யா வயி? அந்த ரெண்டு வண்டிக்கு நடுவுலயா?" அவள் மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "நான் நடுவுல போவசொல்ல நீ முன்னால தள்ளிகினு வந்தா? கூழாப் பூடுவேன். அடில பூந்தா சக்கரம் எங்க கீதுன்னாச்சும் தெரியும். எங்க ஏரியால எல்லாம் அப்படித்தான் போறோம், வரோம்."

"நான் தள்ள மாட்டேன்."

"அத்த நீ சொல்ற. வண்டி சொல்லுமா?"

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். காலி முனையைப் பார்த்தார். ஆட்டத்தின் அட்டையில் காலி முனைக்கு யாரும் நடந்து வருவதில்லை. அதனால் அது வருகிறவருக்கு எப்படித் தெரியும் என்று அவர் யோசித்திருக்கமாட்டார். நானும்தான்.

அதற்குள் புழல்காரர் வண்டியை வலது பக்கமாக ஒடித்து எங்களைத் தாண்டினார். தாண்டும்போது எங்களைப் பார்க்கவில்லை. முன்னால் வந்து இடது பக்கம் வெட்டி, சந்து வாய்க்கு நேராக நின்று, பிறகு முன்னே உருண்டார். அவர் பின்னாலேயே இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. அண்ணாத்தே ஏறி எஞ்சினை உயிர்ப்பித்தபோது நுழைய முனை இல்லை. எங்கள் முறை வந்து கேட்டை எட்டியபோது அந்தக் கப்பலுக்கு மூடிவிட்டிருந்தார்கள்.

முதலாளியின் ஆள் பைக்கில் வந்தான். சண்டையெல்லாம் போடவில்லை. கையை நீட்டினான். அவர் சாவியைக் கொடுத்தார். சீட்டுக்குப் பின்னாலிருந்து துண்டு, சோப்பு டப்பா, செருப்பு எடுத்துக்கொண்டார். ஆட்டப் பெட்டியை எடுக்கவில்லை.

"எயுந்து போறியே அண்ணாத்தே" என்றேன்.

"வூடு இருந்தாத்தான் குந்தணும். இங்க என் வூட்ட எடுத்துட்டாங்க." பெட்டியைக் கண்ணால் காட்டினார். "நீ வச்சுக்கோ. நட்டு ஒண்ணு கொறையுது, சீட்டுக்கடியில பாரு."

சாலையைக் கடந்து போனார். பஸ் ஸ்டாப்பில் பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் துண்டை மடித்து வைத்தார். அதன் பிறகு நான் அவரைப் பார்த்ததில்லை.

"புது டிரைவர் சாயங்காலம் வருவாரு, நீ வண்டிலயே இரு" என்றான் பைக்கில் வந்தவன். சரி என்றேன். அவன் போனதும் சீட்டுக்கடியில் நட்டைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன். வடக்கே நடந்தேன், ஏனென்றால் தெற்கே அந்தக் கேட்டு இருந்தது. திருவொற்றியூர் தாண்டினேன். இருட்டுகிற நேரத்துக்கு எர்ணாவூரில் வரிசை முடிந்தது. கடைசி வண்டிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் படுத்தேன்.

காலையில் முகம் கழுவும்போது கடைசி வண்டியின் ஓட்டுநர் கேட்டார். "கிளீனர் ஓடிப் பூட்டான். ஏறுறியா?" முந்தின நாள் இருட்டும்வரை எந்த வரிசையை விட்டு நடந்தேனோ அதன் வாலில் மறுபடி ஏற வேண்டும். வேறு வேலை அந்தச் சாலையில் இல்லை. நாஷ்டா உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். ஏறினேன்.

"ஒண்ணே ஒண்ணு. முன்வண்டிய ஒட்டிகினே போவணும். கேப்பு தெரிஞ்சா கொரல் குடு" என்றார்.

கொஞ்ச தூரத்தில் முதல் குப்பம் வந்தது. சந்து வாயில் ஓர் அம்மா பள்ளிக்கூடப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்வண்டி சந்தைத் தாண்டி நின்றது. எங்கள் வண்டி சந்துக்கு இந்தப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. "சக்கரத்துல இன்னாவோ மாட்டிகிச்சு" என்று கத்தினேன். நிறுத்தினார். சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கும் கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி, முன்சக்கரத்துக்கு முன்னால் போட்டேன்.

அவள் இடைவெளியைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் தலையை அமுக்கி, வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

நான் போய்க் கட்டையின் மேல், சக்கரத்தில் முதுகு படக் குந்தினேன். மேலே ஹாரன் அடித்தது. அதற்குப் பிறகுதான் அவள் நிமிர்ந்து இடைவெளிக்குள் கால் எடுத்து வைத்தாள்.